மத்தி மீன்: சந்தையில் பார்த்து வாங்குவது முதல் சட்டியை இறக்குவது வரை

மத்தியைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அந்த ருசி வேறு எதிலும் கிடையாது" என்பார்கள் சிலர். "வீடு முழுக்க நாறும், வேண்டவே வேண்டாம்" என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் பேசுவது ஒன்றைப் பற்றித்தான்: அந்த மீனில் இருக்கும் எண்ணெய். புதிதாக இருக்கும்வரை அந்த எண்ணெய்தான் ருசி. காற்றும் வெப்பமும் பட்டுவிட்டால் அதே எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். எந்த மாதத்தில் வாங்குவது, எப்படிக் கழுவுவது, எவ்வளவு புளி ஊற்றுவது, எத்தனை நாள் வைப்பது என்று மத்தி சமையலில் வரும் கேள்விகள் எல்லாமே இந்த எண்ணெயைக் கெடாமல் சட்டிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றியவைதான். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

முதலில், எந்த மீனைக் கேட்பது?

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாளை என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் மத்தி. சென்னை, நாகைப் பக்கம் கவலை என்றும், ராமேஸ்வரத்திலும் இலங்கையிலும் சூடை என்றும் கூடையில் இருப்பவை இதன் நெருங்கிய உறவுக்கார மீன்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சட்டியில் ஒன்றுபோல இருக்காது.

இந்த வழிகாட்டி பேசுவது நெய்ச்சாளையை. பேச்சாளை, எண்ணெய் மத்தி என்றும் சொல்வார்கள். அறிவியலில் இதன் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். உடல் சற்று உருண்டு நீண்டிருக்கும், தலை உடலுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், செவுள் மூடியின் பின்விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். கவலையும் சூடையும் பக்கவாட்டில் தட்டையாக, வயிறு அகன்று இருக்கும். அவற்றில் முள் அதிகம், எண்ணெய் குறைவு. பொரிக்கவும் கருவாட்டுக்கும் அவை மோசமில்லை. ஆனால் கெட்டிக் குழம்பு வைத்து, மேலே மினுமினுவென்று எண்ணெய் மிதக்க வேண்டுமென்றால் நெய்ச்சாளைதான் வேண்டும்.

எந்த மாதத்தில் வாங்கினால் ருசி?

மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், முக்கியமாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாளை முட்டையிடும். உடலில் சேர்த்த கொழுப்பையெல்லாம் சினைக்குக் கொடுத்துவிட்டு மெலிந்து நிற்கும் காலம் அது. அதே பருவத்தில் கடலடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வந்து நுண்ணுயிர்ப் பாசி பெருகும். அதைத் தின்று மீன் மறுபடி கொழுக்கத் தொடங்கும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கிடைக்கும் சாளையைப் பொரித்தால் கல்லில் ஊற்றியதைவிட அதிக எண்ணெய் மிஞ்சும். ஜூலை மாதத்துச் சாளையைத் தின்றுவிட்டு "என்ன பெரிய ருசி" என்று கேட்பவர்களிடம் கார்த்திகைக்கு வரச் சொல்லுங்கள்.

தடைக்காலத்தை மறந்துவிட வேண்டாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடை பாரம்பரியப் படகுகளுக்கு இல்லை. அதனால் பெரிய மீன்கள் விலையேறி நிற்கும் அந்த நாட்களிலும் வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளை சந்தையில் இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. வள்ளங்கள் பெரும்பாலும் போன அன்றே திரும்பிவிடும். பல நாள் கடலில் தங்கிவரும் படகின் மீனைவிட இது எவ்வளவோ புதிது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழை வீட்டு மீன் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சில ஆண்டுகளில் விலையைக் கேட்டால் அப்படித் தோன்றாது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி கேரளத்தில் 2012இல் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் பிடிபட்ட சாளை, 2021இல் 3,297 டன்னாக விழுந்தது. கடலின் வெப்பம், பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ, குஞ்சுகளை அள்ளுவது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். பிறகு மீண்டும் பெருகியது. இந்த மீனின் வரலாறே இப்படிப்பட்ட ஏற்ற இறக்கம்தான். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. அந்த அளவில் கூடையில் கிடந்தால் வாங்காமல் நகர்ந்துவிடுவது நல்லது. தின்னவும் அதில் ஒன்றும் இருக்காது, முள்தான். 15 செ.மீ.க்கு மேல் இருப்பதைப் பாருங்கள்.

சந்தையில் பார்க்க வேண்டியவை

கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்பது எல்லா மீனுக்கும் பொதுவான சோதனை. மத்திக்கு அதைவிட முக்கியம் வயிறு. நிறைய இரை தின்ற நிலையில் பிடிபடும் சாளைக்குள் செரிமான நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. இரை தீர்ந்தால் வயிற்றுச் சுவரையே கரைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் வயிறு வெடித்துக் குடல் வெளியே தெரியும். "ஐஸ்ல அமுங்கிருச்சும்மா" என்று விற்பவர் சொல்லக்கூடும். ஒன்றிரண்டு என்றால் இருக்கலாம். கூடையில் பாதி அப்படியென்றால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது விறைப்பு. ஒரு மீனைத் தலைப்பக்கம் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். நல்ல மீன் நேராக நிற்கும், பழையது வால் தொங்கும். செதில் நிறைய உதிர்ந்திருப்பதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. மத்தியின் செதில் வலையிலிருந்து தட்டி எடுக்கும்போதே உதிர்ந்துவிடும். முதுகு நீலப்பச்சையாகப் பளபளத்தால் போதும். முதுகு மங்கி, வயிற்றோரம் மஞ்சள் பூத்தாற்போல இருந்தால் எண்ணெய் காற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் குழம்பில் எந்த மருந்தும் இல்லை.

எவ்வளவு வாங்குவது? நடுத்தர அளவுச் சாளை அரை கிலோவுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை நிற்கும். தலை, குடல் போக நால்வர் உள்ள வீட்டில் ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும்.

வாங்கிய பிறகு நேரம்தான் எதிரி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா இதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, வயிற்றுப்போக்கு வரும். "எனக்கு மத்தி ஒத்துக்கொள்ளாது" என்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மத்தி அல்ல, வெயிலில் கிடந்த மத்தி. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்தாற்போல நாக்கு சுரீரென்றால் துப்பிவிட்டுத் தட்டைத் தள்ளிவையுங்கள்.

ஆகவே மீனைக் கடைசியாக வாங்குங்கள். காய்கறி, மளிகையெல்லாம் முடித்துவிட்டுப் போனால் போதும். மீன்காரரிடம் இரண்டு கை ஐஸ் கேட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவ நேரமில்லையென்றால், ஐஸ் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்புப் போட்டு அதில் மீனை அமிழ்த்தி, பாத்திரத்தோடு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அன்றைக்கே ஆய்ந்துவிட வேண்டும்.

ஆய்வது: அரை மணி நேர வேலை

பலரும் மத்தியைத் தவிர்ப்பதற்கு உண்மையான காரணம் இந்த வேலைதான். மீன்காரர் வெட்டிக் கொடுப்பார் என்றாலும் கூட்ட நேரத்தில் வயிற்றுக்குள் சுத்தமாகப் பார்க்க மாட்டார். வீட்டில் செய்வதே நல்லது. முறை தெரிந்தால் கை தானாக ஓடும்.

1. தொட்டியில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் மட்டும் போதும். வெந்நீர் பட்டால் எண்ணெய் கரைந்து கையிலும் தொட்டியிலும் ஒட்டி வாடை நிற்கும்.

2. வாலிலிருந்து தலையை நோக்கிக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். செதில் சுலபமாக வந்துவிடும். தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுரண்டினால் செதில் பறக்காது.

3. அடிவயிற்றைத் தடவிப் பார்த்தால் ரம்பம்போல வரிசையாக முட்கள் இருக்கும். கத்தரிக்கோலால் அந்த ஓரத்தை மெல்லிய கீற்றாக வெட்டி எடுத்துவிடுங்கள். வயிறும் திறந்துவிடும், தின்னும்போது தொண்டையில் குத்துவதும் இருக்காது.

4. தலையை முழுதாக வெட்ட வேண்டாம். முதுகுப் பக்கமிருந்து கத்தியை வைத்து நடுமுள் அறுபடும்வரை வெட்டி, தலையைக் கீழ்நோக்கி இழுங்கள். குடலும் சேர்ந்தே வந்துவிடும். சினை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அதைத் தூக்கிப்போடுகிறவரை எங்கள் ஊரில் மன்னிக்க மாட்டார்கள்.

5. வயிற்றின் உட்புறம் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். நடுமுள்ளை ஒட்டி உறைந்த ரத்தமும் இருக்கும். இரண்டையும் கட்டைவிரலால் தேய்த்து எடுக்க வேண்டும். குழம்பு கசக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தச் சவ்வைத்தான் விட்டிருப்பார்கள்.

6. மண்சட்டியில் போட்டு, கல்லுப்பும் கொஞ்சம் புளிக்கரைசலும் சேர்த்து மெதுவாக உரசி அலசுங்கள். மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. புளியின் அமிலம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று தண்ணீரில் தெளிந்துவிடும். அதற்கு மேல் தண்ணீரில் ஊறப்போட்டால் ருசியும் கரைந்து போகும்.

தலைகளைக் குப்பையில் போடாமல் தென்னை மூட்டிலோ முருங்கை மூட்டிலோ ஆழமாகப் புதைக்கலாம். ஆழம் போதவில்லையென்றால் பூனை தோண்டிவிடும். இது பழைய வழக்கம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையை நடத்திய சர் பிரெடெரிக் நிக்கல்சன், மலபார் கரையில் சாளையை வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் தொழிலை ஊக்குவித்தார். பிழிந்த சக்கை உரமாயிற்று. மரப்படகுகளுக்கும் சாளை எண்ணெய் பூசுவதுண்டு.

புளிமுளம்

சாளைக்கு எத்தனையோ குழம்பு உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்துப் புளிமுளத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எண்ணெய் நிறைந்த மீனுக்கு அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. தேங்காய், புளி, மிளகாய் மூன்றும் கெட்டியாக மீனைச் சுற்றி நிற்கும். தாளிப்பு தேவையில்லை, ஏனென்றால் எண்ணெயை மீனே தரும்.

அரை கிலோ மீனுக்கு: துருவிய தேங்காய் ஒரு கப், மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு, சிறிய எலுமிச்சை அளவு புளி, கறிவேப்பிலை, உப்பு, கடைசியில் ஊற்ற ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்.

தேங்காய், தூள்கள், சீரகம், நான்கு உள்ளி ஆகியவற்றை அதிகத் தண்ணீர் விடாமல் மையாக அரையுங்கள். நறநறவென்று இருந்தால் குழம்பு திரிந்தாற்போல நிற்கும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, அரைப்போடு சட்டியில் கலந்து, உப்புப் போட்டுக் கையால் பிசைந்து ஒரு துளி நாக்கில் வையுங்கள். புளிப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். மீன் விழுந்து எண்ணெய் இறங்கியதும் அது அடங்கிவிடும். இந்த நிலையில் சரியாக இருந்தால் கடைசியில் சப்பென்று இருக்கும்.

மீன் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதி வந்து பச்சை வாடை போக ஏழெட்டு நிமிடம் ஆகும். பிறகு தீயைக் குறைத்து மீனை ஒவ்வொன்றாகப் பரப்பி வையுங்கள். சினை இருந்தால் மேலாக வையுங்கள். இனிக் கரண்டி போடக் கூடாது. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் போதும். ஆறிலிருந்து எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். மசாலாவின் மேல் சிவந்த எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெரியும்போது, மீதி இரண்டு உள்ளியைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து மூடி இறக்குங்கள். மண்சட்டி இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மாங்காய்க் காலமென்றால் புளியைப் பாதியாக்கி, புளிப்பு மாங்காய் நான்கு கீற்றுப் போடலாம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் போனால் புளிக்குப் பதில் குடம்புளி வந்துவிடும்.

தொட்டுக்கொள்ள மரவள்ளிக்கிழங்கு. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்குவித்தார் என்பது வரலாறு. குமரி மாவட்டமும் அந்த ராஜ்யத்தின் நிலமாகவும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும் இருந்ததால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே சாப்பாடு. அரிசி தட்டிய காலங்களில் கிழங்கும் சாளையும்தான் எத்தனையோ வீடுகளில் பசியாற்றின.

பொரிப்பது

பெரும்பாலும் எண்ணெயைக் குளமாக ஊற்றித்தான் பொரிக்கிறார்கள். தேவையில்லை. மீனின் இருபுறமும் மூன்று கீறல் போடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு சேர்த்துத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். மீனில் தண்ணீர் நின்றால் மசாலா கல்லோடு போய்விடும். ஆகவே தடவுவதற்கு முன் துணியால் ஒற்றிவிடுங்கள். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி மீனை அடுக்குங்கள். நான்கு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் முறுகியதும் மீன் தானே கல்லை விடும். அதற்கு முன்னால் புரட்டினால் தோல் கல்லில், சதை கரண்டியில். மறுபக்கம் மூன்று நிமிடம் போதும். கல்லில் மிஞ்சும் மசாலா எண்ணெயில் சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பது ஆரோக்கியக் குறிப்புகளில் வராது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

முள்ளோடு தின்ன: குக்கர் மத்தி

டப்பா மத்தியில் முள் மெதுமெதுவென்று இருப்பதற்குக் காரணம், மூடிய டப்பாவை அழுத்தத்தில் அதிக வெப்பத்தில் வேகவைப்பதுதான். அதையே வீட்டுக் குக்கரில் செய்யலாம். அடியில் வட்டமாக வெட்டிய வெங்காயமும் தக்காளியும், மேலே மசாலா தடவிய மீன், கொஞ்சம் புளித்தண்ணீர், இரண்டு கரண்டி நல்லெண்ணெய், அடி பிடிக்காத அளவுக்குத் தண்ணீர். முதல் விசில் வந்ததும் தீயை மிகவும் சிறியதாக்கி முக்கால் மணி நேரம் விடுங்கள். அழுத்தம் தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும். நடுமுள் விரலால் நசுக்கினால் பொடியும். முள்ளுக்குப் பயந்து மீனே தொடாத பிள்ளைகளுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்தும் முள்ளோடு சேர்ந்து உடம்பில் சேரும். டப்பா மீன்போல வெளியே வைக்க முடியாது. குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள்தான்.

மலேசியத் தமிழர் வீடுகளில் தக்காளிச் சாறில் வரும் டப்பா சார்டின் இல்லாத அலமாரி குறைவு. வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி அதைக் கொட்டி, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் பத்து நிமிடத்தில் குழம்பு. டப்பாவில் உப்பு ஏற்கெனவே இருக்கும், ருசி பார்த்துப் போடுங்கள்.

மிச்சம் வைப்பது

உறைநிலைப் பெட்டியில் வைத்தாலும் மத்தியின் எண்ணெய் மெதுவாகக் காறிக்கொண்டே இருக்கும். ஆய்ந்த மீனை டப்பாவில் அடுக்கி, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் காற்று படாது. அப்படியும் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கருவாடு போட நினைப்பவர்கள் மழைக்காலம் முடிந்த கொழுத்த சாளையை எடுக்க வேண்டாம், வெயிலில் எண்ணெய் வடிந்து மஞ்சளாகிவிடும். கொழுப்புக் குறைந்த கவலையும் சூடையும் அதற்கு நல்லது.

புளிமுளம் மறுநாள் இன்னும் ருசி என்பது உண்மை. ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் தேவையான அளவு மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

யாருக்கு நல்லது, யார் பார்த்துத் தின்ன வேண்டும்?

இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், வைட்டமின் டி, பி12 எல்லாம் மத்தியில் தாராளம். பாசியைத் தின்று குறுகிய காலமே வாழும் சிறிய மீன் என்பதால், சுறா போன்ற பெரிய மீன்களில் சேரும் அளவுக்குப் பாதரசம் இதில் சேர்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. ஆனால் உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் இதில் அதிகம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவோடு தின்னட்டும், சினையைத் தவிர்க்கட்டும். சால்மன் மாத்திரைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் வாரம் இரண்டு முறை சாளை வாங்கினால் செலவும் குறையும், சாப்பாடும் ஆகும்.

கடைசியாக வாடை. கை, கத்தி, சட்டி எல்லாவற்றையும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்புப் போட வேண்டும். பிழிந்த புளிச் சக்கையை எறியாமல் வைத்திருந்து கையிலும் தொட்டியிலும் தேயுங்கள். தோசைக்கல்லில் எலுமிச்சைத் தோலால் ஒரு தேய். பொரிக்கும்போதே ஜன்னலைத் திறந்து வையுங்கள். செய்தித்தாளில் சுருட்டிய செதிலையும் குடலையும் அன்று மாலையே வெளியே போட்டுவிடுங்கள், காலைவரை வைத்தால் மேலே சொன்ன எதற்கும் பலன் இருக்காது.